"எழுதியாச்சு" என்று சொல்லும்போது தரவு எங்கே இருக்கிறது? தரவுத்தள வேக ஒப்பீட்டில் சறுக்கும் இடங்கள்

ஒரே கணினி, ஒரு லட்சம் வரிசைகள், ஒரு ஃபார் லூப். ஐந்து தரவுத்தளங்களிடமும் அந்த வரிசைகளை ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள். ரெடிஸ் முதலில் முடித்துவிடும். பின்னாலேயே மாங்கோடிபி வரும். போஸ்ட்கிரஸும் மைஎஸ்கியூஎல்லும் கொஞ்சம் மூச்சு வாங்கும். எஸ்கியூலைட் நிமிடக்கணக்கில் இழுக்கும். இந்த ஐந்து எண்களையும் வண்ணப் பட்டைகளாக வரைந்து "இதுதான் வேகமானது" என்று முடிவு கட்டும் ஒப்பீடுகளுக்குப் பஞ்சமே இல்லை. எண்களில் பிழை இல்லை, கடிகாரமும் ஒழுங்காகத்தான் ஓடியது. ஆனால் ஐந்தும் செய்தது ஒரே வேலை அல்ல.

"எழுதியாச்சு" என்று தரவுத்தளம் பதில் அனுப்பும் அந்தக் கணத்தில் தரவு எங்கே கிடக்கிறது என்று கேட்டால் விஷயம் புரிந்துவிடும். ரெடிஸை நிறுவியபடியே ஓடவிட்டால் அதன் சொந்த நினைவகத்தில் மட்டும்தான். ஒவ்வொரு மாற்றத்தையும் கோப்பில் குறிக்கும் ஏஓஎஃப் பதிவேடு இயல்பில் அணைந்திருக்கும். 60 வினாடிக்குள் 10,000 மாற்றங்கள் நடந்தால் ஸ்னாப்ஷாட் (மொத்தத் தரவின் நகல்) எடு என்பது போன்ற விதிகள்தான் காப்பு. இடையில் மின்சாரம் போனால் கடைசி ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு வந்ததெல்லாம் போயிற்று. போஸ்ட்கிரஸ் அப்படியில்லை. மாற்றங்களை முன்கூட்டியே குறிக்கும் வால் (ரைட்-அஹெட் லாக்) பதிவேட்டில் எழுதி, அதை டிஸ்க்கில் இறக்கச் சொல்லும் எஃப்சிங்க்கை அழைத்து, டிஸ்க் "வாங்கிக்கொண்டேன்" என்று சொன்ன பிறகே பதில் தரும். மைஎஸ்கியூஎல் இன்னும் ஒரு படி மேலே போய் மீட்புக்கான ரீடூ லாக், மாற்றங்களை வரிசையாகக் குறிக்கும் பைனரி லாக் இரண்டையும் ஒவ்வொரு கமிட்டிலும் (மாற்றத்தை உறுதிசெய்யும்போது) டிஸ்க்கில் இறக்குகிறது. 8.0 பதிப்பிலிருந்து பைனரி லாக் இயல்பாகவே ஓடும் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

மாங்கோடிபியின் கதை பதிப்பைப் பொறுத்தது. 2012 நவம்பருக்கு முந்தைய டிரைவர்கள் சர்வரின் பதிலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை; அந்தக் காலத்து வேக எண்கள் இன்னும் சில இடங்களில் மேற்கோளாகச் சுற்றுகின்றன. பிறகு ஒரு நோடு (ஒரு சர்வர்) ஒப்புக்கொண்டால் போதும் என்ற நிலை வந்தது. அதில் தரவு நினைவகத்துக்கு வந்ததும் பதில் வந்துவிடும், ஜர்னல் என்ற அதன் பதிவேடு 100 மில்லிவினாடிக்கு ஒருமுறை டிஸ்க்குக்குப் போகும். 2021இல் வந்த 5.0 பதிப்பிலிருந்து ரெப்ளிக்கா செட்டில் (ஒரே தரவின் நகல்களை வைத்திருக்கும் நோடுகளின் கூட்டத்தில்) பெரும்பான்மை நோடுகள் ஒப்புக்கொள்வதே இயல்பு. பல கணினிகளில் பரவி ஓடும் இன்னொரு தரவுத்தளமான கசாண்ட்ரா, கமிட் லாக் என்ற தன் பதிவேட்டை இயல்பில் 10 வினாடிக்கு ஒருமுறைதான் டிஸ்க்கில் இறக்கும். ஒரே தரவு பல கணினிகளில் இருக்கிறது, எல்லாம் ஒரே நேரத்தில் சாகாது என்பதுதான் அதன் தைரியம். ஒற்றை நோடில் கசாண்ட்ராவை ஓட்டி எழுதும் வேகத்தை அளப்பவர், அந்தத் தைரியத்துக்கான அடிப்படையையே கழற்றி வைத்துவிட்டு அளக்கிறார்.

கடைசியில் நிற்கும் எஸ்கியூலைட்தான் எல்லாரிலும் கறாரான ஆள். பழைய ரோல்பேக் ஜர்னல் முறையில் (மாற்றுமுன் பழைய பக்கங்களை நகலெடுத்து வைக்கும் முறை), ஒரே ஒரு கமிட்டுக்குள்ளேயே பலமுறை எஃப்சிங்க் அழைக்கிறது. லூப்பில் ஒவ்வொரு இன்செர்ட்டும் (வரிசையைச் சேர்க்கும் கட்டளை) தனியாகக் கமிட் ஆகும் தனி டிரான்ஸாக்‌ஷன் என்றால் லட்சம் முறை அந்தச் சடங்கு நடக்கும்.

ஆகவே முதல் வேலை வாக்குறுதியைச் சமன் செய்வது. இரண்டு நிலைகள் வைத்துக்கொண்டு இரண்டிலும் தனித்தனியாக அளப்பது நல்லது.

கறார் நிலையில் போஸ்ட்கிரஸையும் மைஎஸ்கியூஎல்லையும் இயல்பாகவே விடலாம். எஸ்கியூலைட்டில் ஜர்னல் மோடை வாலுக்கு மாற்றி, சிங்க்ரனஸை ஃபுல்லிலேயே வைக்க வேண்டும். மாங்கோடிபியில் ஜர்னல் உறுதிப்பாட்டைக் கேட்டு எழுத வேண்டும், அதாவது ஜே ட்ரூ. ரெடிஸில் அப்பெண்ட் ஒன்லியை இயக்கி, எஃப்சிங்க் கொள்கையை ஆல்வேஸ் என்று வைக்க வேண்டும். கசாண்ட்ராவில் கமிட் லாக்கை, டிஸ்க்கில் இறங்கிய பிறகே பதில் தரும் பேட்ச் முறைக்கு மாற்ற வேண்டும்.

தளர்ந்த நிலை என்பது மின்சாரம் போனால் சுமார் ஒரு வினாடி வேலை வரை இழக்கச் சம்மதம் என்ற நிலை. போஸ்ட்கிரஸில் சிங்க்ரனஸ் கமிட்டை அணைத்தால் அதிகபட்ச இழப்பு வால் ரைட்டர் டிலேயின் (வாலை டிஸ்க்கில் இறக்கும் இடைவெளி) மூன்று மடங்கு. இயல்பு மதிப்பு 200 மில்லிவினாடி என்பதால் 600 மில்லிவினாடி. மைஎஸ்கியூஎல்லில் அதன் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியின் லாக் ஃப்ளஷை 2 ஆக்கி, சிங்க் பின்லாக்கை 0 ஆக்கலாம். எஸ்கியூலைட்டில் வால் மோடோடு சிங்க்ரனஸ் நார்மல். ரெடிஸில் வினாடிக்கு ஒருமுறை எஃப்சிங்க். மாங்கோடிபியில் ஒற்றை நோடு ஒப்புதல் போதும். கசாண்ட்ராவுக்குச் சிங்க் இடைவெளியை 10 வினாடியிலிருந்து 1 வினாடிக்கு இறக்கினால்தான் மற்றவற்றுக்குச் சமமாகும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. போஸ்ட்கிரஸில் எஃப்சிங்க்கையே அணைப்பது வேறு, சிங்க்ரனஸ் கமிட்டை அணைப்பது வேறு. பின்னதில் கடைசிச் சில டிரான்ஸாக்‌ஷன்கள் மட்டும் காணாமல் போகும், தரவுத்தளம் முழுசாக இருக்கும். முன்னதில் மின்சாரம் போனால் தரவுத்தளமே சிதைந்துவிடலாம். வேகமாக்கும் குறிப்பு என்ற பெயரில் இரண்டையும் ஒரே மூச்சில் எழுதிவைப்பவர்கள் இருக்கிறார்கள். அதைப் பார்த்து உற்பத்திச் சர்வரில் கை வைத்துவிடாதீர்கள்.

டிஸ்க்கின் நேர்மை

தரவுத்தளத்தைத் தொடுமுன் டிஸ்க்கை மட்டும் தனியாக அளந்துவிட வேண்டும். போஸ்ட்கிரஸோடு வரும் பிஜி டெஸ்ட் எஃப்சிங்க் என்ற சிறு கருவி இதற்கென்றே இருக்கிறது. 8 கேபி எழுதி டிஸ்க்கில் இறக்க எத்தனை மைக்ரோவினாடி ஆகிறது என்று பல முறைகளில் சொல்லும், ஒவ்வொன்றுக்கும் 5 வினாடிதான். எஃப்ஐஓ கருவியில் ஒவ்வொரு எழுத்துக்குப் பிறகும் எஃப்டேட்டாசிங்க் கேட்டும் இதையே அளக்கலாம்.

வரும் எண்ணைச் சந்தேகத்தோடு பாருங்கள். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் ஹார்டு டிஸ்க் வினாடிக்கு 120 சுற்றுதான் சுற்றும், அதாவது ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி. ஒரே கிளையன்ட், ஒவ்வொரு கமிட்டும் தட்டில் இறங்கியாக வேண்டும் என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 120 கமிட்டைத் தாண்ட வழியில்லை. அப்படியொரு டிஸ்க்கில் 5,000 கமிட் என்று வந்தால் நடுவில் யாரோ பொய் சொல்கிறார்கள். டிஸ்க்கின் எழுத்து கேஷ் (தற்காலிக நினைவகம்) இயங்கிக்கொண்டிருக்கலாம். விர்ச்சுவல் மெஷினுக்குக் கீழே இருக்கும் ஹோஸ்ட் எஃப்சிங்க்கை விழுங்கிக்கொண்டிருக்கலாம். மேக் கணினியில் சாதாரண எஃப்சிங்க் டிஸ்க்கின் உள் கேஷ் வரைக்கும்தான் தள்ளும். உண்மையாகவே காந்தத்திலோ சிப்பிலோ பதிய ஃபுல் எஃப்சிங்க் என்ற தனி அழைப்பு வேண்டும். அதனால் மேக்கில் எடுத்த எழுதும் வேகத்தை லினக்ஸ் சர்வரில் எடுத்ததோடு பக்கத்தில் வைக்கவே கூடாது.

எஸ்எஸ்டிக்களிலும் இரண்டு சாதி உண்டு. மின்சாரம் போனாலும் கையிலிருப்பதை எழுதி முடிக்கக் கப்பாசிட்டர் வைத்த சர்வர் ரகங்கள் எஃப்சிங்க்குக்குப் பத்துக் கணக்கான மைக்ரோவினாடிகளில் பதில் சொல்லும். கப்பாசிட்டர் இல்லாத வீட்டு ரகங்களில் அதே வேலை பெரும்பாலும் மில்லிவினாடிகளில் போகும். விளம்பரத்தில் வினாடிக்கு இத்தனை ஜிபி என்று போட்டிருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒற்றை லூப் எதை அளக்கிறது

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கிளையன்ட்டிலிருந்து சர்வருக்குப் போய்வர 0.5 மில்லிவினாடி. எஃப்சிங்க் 1 மில்லிவினாடி. தரவுத்தளம் தன் உள்வேலைக்கு எடுத்துக்கொள்வது 0.1 மில்லிவினாடி. மொத்தம் 1.6, எனவே வினாடிக்கு 625 இன்செர்ட். இப்போது உள்வேலையை இரண்டு மடங்கு வேகமாகச் செய்யும் இன்னொரு தரவுத்தளத்தைக் கொண்டுவாருங்கள். 0.1 என்பது 0.05 ஆகும், மொத்தம் 1.55, வினாடிக்கு 645. இரண்டு மடங்கு திறமையான எஞ்சின், வரைபடத்தில் வெறும் 3 சதவீதம் வேகமாகத் தெரியும். ஒற்றை லூப் அளந்தது வயரையும் டிஸ்க்கையும்தான்.

கிளையன்ட் எண்ணிக்கையை 1, 4, 16, 64 என்று ஏற்றிக்கொண்டே அளந்தால்தான் எஞ்சினின் முகம் தெரியும். பல கிளையன்ட்கள் ஒரே நேரத்தில் கமிட் கேட்கும்போது அவை எல்லாவற்றையும் ஒரே எஃப்சிங்க்கில் சேர்த்து அனுப்பும் குரூப் கமிட் வேலை செய்யத் தொடங்கும். அப்போது 64 கிளையன்ட்டில் கிடைப்பது 1 கிளையன்ட்டில் கிடைத்ததைப் போல் பல மடங்கு இருக்கும். எஸ்கியூலைட்டில் இந்த ஏற்றம் வராது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும், மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள். பிஸி டைம்அவுட் (காத்திருக்கும் நேரம்) வைக்காமல் விட்டால் வரிசையில்கூட நிற்காமல் "பூட்டியிருக்கிறது" என்ற பிழையோடு திரும்பிவிடுவார்கள். அந்தப் பிழைகளையும் வெற்றியாக எண்ணிக்கொண்டு "வேகம் கூடிவிட்டது" என்று காட்டும் சோதனை நிரல்கள் உண்டு. பிழை எண்ணிக்கையைத் தனியாக எண்ணாத எந்த நிரலையும் நம்ப வேண்டாம்.

கூட்டமாக எழுதுவது தனி ஆட்டம். லட்சம் வரிசைகளையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் போட்டால் கடைசியில் நின்ற எஸ்கியூலைட் சில வினாடிகளில் முடித்துவிடும். வினாடிக்கு 50,000 இன்செர்ட்டுக்கு மேல் எளிதில் செய்யும், ஆனால் சுழலும் டிஸ்க்கில் டிரான்ஸாக்‌ஷன் என்று பார்த்தால் வினாடிக்குச் சில டஜன்தான் என்று அதன் ஆவணமே சொல்கிறது. போஸ்ட்கிரஸில் காப்பி கட்டளை, மைஎஸ்கியூஎல்லில் லோட் டேட்டா, மாங்கோடிபியில் பல்க் ரைட், ரெடிஸில் பைப்லைன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்ட வழி இருக்கிறது. ஒன்றுக்கு அந்த வழியையும் மற்றொன்றுக்கு வரிசை வரிசையான இன்செர்ட்டையும் கொடுத்து ஒப்பிட்டால், தோற்றது தரவுத்தளம் அல்ல, நிரல் எழுதியவர்.

சில வரம்புகள் கையோடு தெரிந்திருக்க வேண்டும். போஸ்ட்கிரஸில் ஒரு கட்டளைக்கு 65,535 பராமீட்டர்கள், அதாவது நிரப்பும் மதிப்புகள்தான். 10 நெடுவரிசை உள்ள அட்டவணையில் ஒரே இன்செர்ட்டில் 6,553 வரிசைக்கு மேல் போகாது. கசாண்ட்ராவின் பேட்ச் கட்டளை பெயரில்தான் பேட்ச். வெவ்வேறு பார்ட்டிஷன்களுக்கு (தரவுப் பிரிவுகளுக்கு) போகும் வரிசைகளை அதில் கட்டினால் ஒருங்கிணைக்கும் நோடு திணறும், வேகம் குறையும்; தனித்தனிக் கட்டளைகளை ஒத்திசைவின்றி அனுப்புவதே அங்கே சரியான வழி. பகுப்பாய்வுக்கான தரவுத்தளமான கிளிக்ஹவுஸுக்கு நேர் எதிர்ச் சிக்கல். ஒவ்வொரு இன்செர்ட்டும் டிஸ்க்கில் ஒரு தனித் துண்டாக விழுவதால், ஒற்றை வரிசையாக அனுப்பினால் துண்டுகள் அதிகமாகிவிட்டன என்று எழுதவே மறுக்கும். குறைந்தது 1,000, முடிந்தால் 10,000 முதல் 1,00,000 வரிசைகள் வரை கட்டி அனுப்ப வேண்டும்.

வாசிக்கும் வேகம்: நினைவகத்தின் எல்லை

எழுதுவதில் எஃப்சிங்க் எப்படியோ, வாசிப்பதில் கேஷ் அப்படி. நிறுவியபடியே விட்டால் மைஎஸ்கியூஎல்லின் தரவுக் கேஷான பஃபர் பூல் 128 எம்பி. போஸ்ட்கிரஸின் ஷேர்டு பஃபர்ஸும் 128 எம்பிதான். எஸ்கியூலைட்டின் பேஜ் கேஷ் ஏறத்தாழ 2 எம்பி. மாங்கோடிபியின் சேமிப்பு எஞ்சினான வயர்டைகர் மட்டும், மொத்த நினைவகத்தில் 1 ஜிபி கழித்து மீதியில் பாதியை எடுத்துக்கொள்ளும். 16 ஜிபி கணினியில் அது 7.5 ஜிபி. மைஎஸ்கியூஎல்லுக்குக் கிடைத்ததைப் போல் 60 மடங்கு. "எந்த அமைப்பையும் மாற்றவில்லை, நியாயமாக ஒப்பிட்டோம்" என்று எழுதியிருந்தால் இந்த 60 மடங்கைத்தான் ஒப்பிட்டிருக்கிறார்கள்.

கேஷ் அளவைச் சமமாக வைத்தால் போதுமா என்றால், அதுவும் இல்லை. போஸ்ட்கிரஸ் இயங்குதளத்தின் பேஜ் கேஷை நம்பியே கட்டப்பட்டது. அதற்கு மொத்த நினைவகத்தில் கால் பங்கு கொடுத்துவிட்டு மீதியை லினக்ஸுக்கு விடுவது வழக்கம். மைஎஸ்கியூஎல் 8.4இலிருந்து இயங்குதளக் கேஷைத் தாண்டி நேராக டிஸ்க்குக்குப் போவதே இயல்பு, அதனால் அதன் பஃபர் பூலுக்குத் தாராளமாகக் கொடுக்க வேண்டும். சண்டை வராத ஒரு வழி இருக்கிறது. லினக்ஸின் வள வரம்பு வசதியான சிகுரூப் மூலம் ஒவ்வொன்றுக்கும் மொத்தமாக 4 ஜிபி என்று கூரை போட்டுவிடுங்கள். அந்தக் கணக்கில் பேஜ் கேஷும் சேரும் என்பதால் எவரும் பின்வாசல் வழியாகக் கூடுதல் நினைவகம் எடுக்க முடியாது. அந்தக் கூரைக்குள் அவரவருக்கு ஏற்ற பங்கீட்டைச் செய்துகொள்ளலாம்.

பிறகு தரவின் அளவு. 1 கேபி வரிசைகளாக 20 லட்சம் போட்டால் சுமார் 2 ஜிபி, 4 ஜிபி கூரைக்குள் அடங்கும். 1.6 கோடி போட்டால் சுமார் 16 ஜிபி, அடங்காது. இரண்டையும் அளக்க வேண்டும், ஏனென்றால் நடுவில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. நினைவகத்தில் இருக்கும் பக்கத்தை எடுக்க 1 மைக்ரோவினாடி, என்விஎம்இ டிஸ்க்கிலிருந்து எடுக்க 100 மைக்ரோவினாடி என்று வையுங்கள். 99 சதவீதம் கேஷில் கிடைத்தால் சராசரி 1.99 மைக்ரோவினாடி. 95 சதவீதம் கிடைத்தால் 5.95. வெறும் நாலு சதவீதம் நழுவியதும் மூன்று மடங்கு மெதுவாகிவிட்டது. வாசிப்பு ஒப்பீடுகளில் "திடீரென்று ஒன்று சரிந்தது" என்று காட்டும் இடம் பெரும்பாலும் இதுதான். அந்த எஞ்சினின் வரிசை வடிவம் கொஞ்சம் பருமனாக இருந்திருக்கும், அது பள்ளத்தாக்கை முதலில் தொட்டிருக்கும்.

குளிர்ந்த நிலையில் அளக்க வேண்டுமானால் தரவுத்தளத்தை மறுதொடக்கம் செய்வது மட்டும் போதாது, இயங்குதளக் கேஷ் அப்படியே சூடாக இருக்கும். லினக்ஸில் முதலில் சிங்க் கட்டளை, பிறகு ப்ராக் அடைவில் உள்ள டிராப் கேஷஸ் கோப்பில் 3 என்று எழுதுவது. சிங்க் செய்யாமல் விட்டால் இன்னும் எழுதப்படாத பக்கங்கள் வெளியேறாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆயத்த வேகச் சோதனைக் கருவிகளின் இயல்பு அளவுகளும் இதே குழியில் தள்ளும். ஒய்சிஎஸ்பியின் இயல்பு 1,000 பதிவுகள், ஒவ்வொன்றும் 1 கேபி; மொத்தமே 1 எம்பி. சிஸ்பெஞ்ச் ஒரே அட்டவணையில் 10,000 வரிசை. ரெடிஸ் பெஞ்ச்மார்க் 3 பைட் மதிப்பை ஒரே சாவியில் திரும்பத் திரும்ப எழுதும், ரேண்டம் சாவி வேண்டும் என்று நாம் கேட்டால்தான் மாற்றும். இதில் ரசிக்கத்தக்கது போஸ்ட்கிரஸின் பிஜிபெஞ்ச். ஒரு வங்கியைப் போலச் செய்யும் அதன் ஸ்கேல் (தரவின் அளவு) 1 என்றால் வங்கிக் கணக்குகள் 1 லட்சம், ஆனால் கிளை அட்டவணையில் ஒரே ஒரு வரிசை. ஒவ்வொரு டிரான்ஸாக்‌ஷனும் அந்த ஒற்றை வரிசையைத் திருத்தியாக வேண்டும். 64 கிளையன்ட் ஓட்டினால் 63 பேர் பூட்டுக்காக வரிசையில் நிற்பார்கள். "போஸ்ட்கிரஸ் கிளையன்ட் கூடினால் படுத்துவிடுகிறது" என்ற முடிவுக்கு இதைவிடக் குறுக்குவழி கிடையாது. ஸ்கேல் எப்போதும் கிளையன்ட் எண்ணிக்கைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நினைவகத்தைத் தாண்ட வேண்டுமானால் ஸ்கேலுக்குச் சுமார் 15 எம்பி என்று கணக்குப் போட்டு ஆயிரத்துக்கு மேல் வைக்க வேண்டும்.

தரவை ஏற்றிய கையோடு வாசிப்பை அளக்காதீர்கள். போஸ்ட்கிரஸில் ஏற்றியபின் வரும் முதல் வாசிப்பு, ஒவ்வொரு வரிசையிலும் ஹின்ட் பிட் (அந்த வரிசை கமிட் ஆனதா என்ற அடையாளம்) குறித்துக்கொண்டே போகும். வாசிப்புச் சோதனையில் டிஸ்க் எழுத்து எகிறுவதைப் பார்த்துத் திகைப்பவர்களுக்கு விடை அதுதான். வேக்கம் அனலைஸ் என்ற பராமரிப்புக் கட்டளையை ஓட்டிவிட்டால் அதுவும் தீரும், தேடும் வழியைத் தேர்ந்தெடுக்கும் பிளானருக்குப் புள்ளிவிவரமும் கிடைக்கும். எல்எஸ்எம் வகைகளில் (கசாண்ட்ரா போல, எழுத்தை நினைவகத்தில் சேர்த்துக் கோப்புகளாகக் கொட்டுபவை) ஏற்றிய பாக்கி பின்னணியில், கோப்புகளை இணைக்கும் கம்பாக்‌ஷனாக ஓடிக்கொண்டிருக்கும். அது அடங்கும் வரை காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அடங்காமல் அளந்தோம் என்று எழுதிவைக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் ஓட்டுவது

ஐந்து நிமிடச் சோதனை எல்எஸ்எம் மரத்துக்குப் பண்டிகை. அந்த வகையைச் சேர்ந்த ராக்ஸ்டிபியில் வந்ததையெல்லாம் 64 எம்பி மெம்டேபிளில் (நினைவக அட்டவணையில்) வாங்கிப்போட்டு, நிரம்பியதும் வரிசையாக ஒரே கோப்பாகக் கொட்டிவிடும். எழுதும் வேகம் அசத்தும். கடன் பின்னால் வரும். மேல்மட்டத்தில் 4 கோப்பு சேர்ந்ததும் கம்பாக்‌ஷன் தொடங்கும். அதனால் ஈடுகொடுக்க முடியாமல் 20 கோப்பு சேர்ந்தால் எழுத்தையே மெதுவாக்கும். 36 சேர்ந்தால் நிறுத்திவிடும். வினாடிக்கு வினாடி வரைந்த கோட்டில் அது ரம்பப் பல்லாகத் தெரியும். சராசரியில் தெரியவே தெரியாது.

போஸ்ட்கிரஸ், மைஎஸ்கியூஎல் போன்ற பி-ட்ரீ பக்கத்துக் கடன் செக்பாயின்ட், அதாவது நினைவகத்தில் மாறிய பக்கங்களை டிஸ்க்கில் இறக்குவது. போஸ்ட்கிரஸில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, அல்லது வால் 1 ஜிபியை நெருங்கினால் அதற்கு முன்பே. செக்பாயின்ட் முடிந்தபின் ஒவ்வொரு பக்கத்தையும் முதன்முறை திருத்தும்போது 8 கேபி முழுப் பக்கமும் வாலில் எழுதப்படும், அதனால் செக்பாயின்ட்டுக்குப் பின் எழுத்து கனக்கும். 4 நிமிடச் சோதனையில் ஒரு செக்பாயின்ட்கூட விழாமல் தப்பித்துவிடலாம். மைஎஸ்கியூஎல்லில் ரீடூ லாக் இயல்பில் 100 எம்பிதான், கனமான எழுத்தில் அது நிரம்பி, பக்கங்களை அவசரமாகத் துப்புரவு செய்ய ஓடும். அளக்குமுன் அதைச் சில ஜிபிக்கு உயர்த்துவது நியாயம். போஸ்ட்கிரஸின் வால் அளவையும் அதே மாதிரி உயர்த்துங்கள், ஒருவருக்கு மட்டும் சலுகை வேண்டாம்.

குறைந்தது 30 நிமிடம் என்பது நல்ல கணக்கு, எழுதும் சோதனைக்கு ஒரு மணி நேரம் இன்னும் நல்லது. 10 வினாடிக்கு ஒருமுறை இடைநிலை எண்ணைப் பதிவு செய்யுங்கள். டிஸ்க்கும் களைக்கும் என்பது இன்னொரு காரணம். வீட்டு ரக எஸ்எஸ்டியில் வேகமான எஸ்எல்சி பகுதி நிரம்பியதும் எழுத்து வேகம் சரியும். அமேசானின் மேகச் சேமிப்பான இபிஎஸ்ஸின் ஜிபி2 வகையில் 100 ஜிபி டிஸ்க் எடுத்தால் அடிப்படை வினாடிக்கு 300 செயல்பாடுதான், சேர்ந்துள்ள கிரெடிட் இருக்கும் வரை 3,000 தரும். கிரெடிட் தொட்டியில் 54 லட்சம் செயல்பாடு. முழு வேகத்தில் ஓட்டினால் சுமார் 33 நிமிடத்தில் தீர்ந்து, பத்தில் ஒரு பங்குக்கு விழும். காலையில் முதலில் சோதித்த தரவுத்தளம் ஜெயிக்கும், பின்னால் வந்தது தோற்கும். வரிசையை மாற்றி இன்னொரு முறை ஓட்டினால் வெற்றியாளரும் மாறினால், அளந்தது தொட்டியைத்தான்.

பிரைமரி கீ (ஒவ்வொரு வரிசையையும் அடையாளப்படுத்தும் சாவி) பற்றி ஒரு வார்த்தை. இன்னோடிபியில் அட்டவணையே பிரைமரி கீயின் வரிசையில்தான் டிஸ்க்கில் கிடக்கும். ஏறுவரிசை எண் கொடுத்தால் 16 கேபி பக்கங்கள் 16இல் 15 பங்கு நிரம்பி நிற்கும். ரேண்டம் யூயூஐடி (தனித்துவ அடையாளம்) கொடுத்தால் ஒவ்வொரு இன்செர்ட்டும் எங்கோ ஒரு பக்கத்தை உடைக்கும், பக்கங்கள் பாதி வரைகூடக் காலியாகக் கிடக்கும், அதே கேஷில் அடங்கும் வரிசைகள் குறையும். அதை 36 எழுத்துச் சரமாக வைத்தால், ஒவ்வொரு துணை இன்டெக்ஸிலும் அந்தச் சரம் மறுபடி பதியும். போஸ்ட்கிரஸில் அட்டவணை தனிக் குவியல் என்பதால் அடி இன்டெக்ஸோடு நிற்கும். எல்எஸ்எம்முக்கு ரேண்டம் சாவியால் பெரிய சேதமில்லை. ஆக, யூயூஐடி வைத்து மூன்றையும் ஒப்பிட்டால் இன்னோடிபிக்கு மட்டும் காலில் கல்லைக் கட்டி ஓடவிட்டது போல. உண்மையான பயன்பாட்டிலும் யூயூஐடிதான் என்றால் அப்படியே அளப்பது சரி. இல்லையென்றால் நேர வரிசையில் ஏறும் யூயூஐடி 7ஆம் வகையையாவது கொடுங்கள். 2024இல் வந்த ஆர்எஃப்சி 9562 என்ற இணையத் தரநிலை ஆவணம் அதை முறைப்படுத்தியது.

தாமதத்தை எண்ணும் கணக்கில் ஒளிந்திருக்கும் ஓட்டை

ஒரே கிளையன்ட், ஒரு கோரிக்கை முடிந்தால்தான் அடுத்தது. ஒவ்வொன்றும் 1 மில்லிவினாடி. 100 வினாடிச் சோதனையின் நடுவில் கம்பாக்‌ஷனால் 10 வினாடி எல்லாமே நின்றுபோகிறது. பதிவேட்டில் இருப்பது 90,000 கோரிக்கைகள் 1 மில்லிவினாடியில், ஒரே ஒன்று மட்டும் 10 வினாடியில். 99ஆம் சதமானம் (நூற்றில் 99 கோரிக்கைகள் முடிந்துவிடும் நேரம்) 1 மில்லிவினாடி என்று அழகாக வரும். ஆனால் நிஜ உலகில் பயனர்கள் முந்தையவர் முடிக்கட்டும் என்று காத்திருப்பதில்லை. வினாடிக்கு 1,000 பேர் வந்துகொண்டே இருந்தால், அந்த 10 வினாடியில் வந்த 10,000 பேரும் மாட்டிக்கொள்வார்கள். அது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. 99ஆம் சதமானம் அப்போது 9 வினாடிக்குப் பக்கத்தில் இருக்கும். ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம், அதே சர்வரில். செயல்திறன் பொறியாளர் கில் டெனே இதற்குக் கோஆர்டினேட்டட் ஒமிஷன் என்று பெயர் வைத்தார். பிஜிபெஞ்ச்சில் ரேட், ஒய்சிஎஸ்பியில் டார்கெட் என்று விகிதத்தை நிர்ணயிக்கும் வசதி இருக்கிறது. பிஜிபெஞ்ச் அப்போது தாமதத்தைக் கோரிக்கை கிளம்பியிருக்க வேண்டிய நேரத்திலிருந்து எண்ணும். ஒய்சிஎஸ்பியில் இன்டெண்டெட் அளவீட்டை நாமே கேட்டு வாங்க வேண்டும்.

கிளையன்ட் கணினியையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். சோதனை நிரல் பைத்தானில் இருந்தால் தரவுத்தளம் சும்மா இருக்க, கிளையன்ட்டின் சிபியு முட்டிக்கொண்டு நிற்கும். கண்டுபிடிப்பது எளிது. அதே நிரலை இன்னொரு கணினியிலிருந்தும் சேர்த்து ஓட்டுங்கள். மொத்தம் இரட்டிப்பானால் அதுவரை அளந்தது கிளையன்ட்டை.

ஒவ்வொரு சோதனையையும் ஐந்து முறை ஓட்டி, ஐந்துக்கும் நடுவே எவ்வளவு விரிசல் என்று பார்க்க வேண்டும். அதே தரவுத்தளமே ஓட்டத்துக்கு ஓட்டம் 8 சதவீதம் ஆடினால், இரண்டு தரவுத்தளங்களுக்கு இடையில் 5 சதவீத வித்தியாசம் என்பது ஒன்றுமே இல்லை. வெளியிடுவதாக இருந்தால் பதிப்பு எண், மாற்றிய அமைப்புகள், டிஸ்க் ரகம், தரவின் அளவு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். ஆரக்கிள் போன்ற சில வணிகத் தரவுத்தளங்களின் உரிமத்தில், அனுமதியின்றி வேக ஒப்பீட்டை வெளியிடக் கூடாது என்று ஒரு விதியே உண்டு. 1983இல் விஸ்கான்சின் பெஞ்ச்மார்க்கை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் டிவிட்டின் பெயரால் அது டிவிட் விதி என்றே அழைக்கப்படுகிறது. பெயர் மறைத்த 'தரவுத்தளம் அ' போன்ற வரைபடங்கள் எங்கிருந்து முளைக்கின்றன என்பது இப்போது புரியும்.

கடைசியாக, தொடங்கிய கேள்விக்கே திரும்பும் ஒரு சோதனை. கறார் நிலை என்று வைத்தது உண்மையிலேயே கறார்தானா என்று பார்க்க வேண்டும். இன்னொரு கணினியிலிருந்து 1, 2, 3 என்று ஏறும் எண்ணை இன்செர்ட் செய்துகொண்டே இருக்கும் சிறு நிரலை ஓடவிடுங்கள். "எழுதியாச்சு" என்று பதில் வந்த ஒவ்வொரு எண்ணையும் அது தன் பக்கம் குறித்துக்கொள்ள வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே தரவுத்தளச் சர்வரின் மின்கம்பியைப் பிடுங்குங்கள். பிராசஸை மட்டும் கொன்றால் போதாது. இயங்குதளக் கேஷ் உயிரோடு இருப்பதால் தளர்ந்த நிலையில்கூடப் பல தரவுத்தளங்கள் தேறிவிடும். மீண்டும் கிளப்பி, அட்டவணையில் உள்ள மிகப் பெரிய எண்ணையும், கிளையன்ட் கடைசியாகக் குறித்த எண்ணையும் பக்கத்தில் வையுங்கள். கிளையன்ட்டில் 48,950, அட்டவணையில் 48,211 என்றால் 739 பதில்கள் பொய். அந்த ஓட்டத்தின் வேக எண்ணைக் கறார்ப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, டிஸ்க்கின் எழுத்து கேஷிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.